இரவல் கைகள்

(ஒரு தலைமையாசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் கல்லூரியில் நிறுவிய அறக்கட்டளையின் சார்பில் நிகழ்த்திய உரை. இடையே சொன்ன சில கிளைக்கதைகளை நீக்கியிருக்கிறேன். மற்றபடி பேசியது பேசியபடியே இருக்கிறது.)



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தலைமையாசிரியரை நான் நேரில் பார்த்ததில்லை. அழைப்பிதழோடு அவரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு அனுப்பியிருந்தீர்கள். தம் பணிக்காலம் முழுவதிலும் ஒரு முறைகூட அவர் தேர்தல் பணியிலிருந்து விலக்குக் கேட்டதில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. வேறு ஒரு தலைப்பில் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்த நான், அந்த வரியைப் படித்த பிறகு தலைப்பை மாற்றிக்கொண்டேன்.

மாநில அரசின் அமைப்பைப் பாடநூலில் ஓர் அத்தியாயமாகப் படிக்கிறோம். தேர்தல் முறை வேறொரு அத்தியாயம். இரண்டுக்கும் தனித்தனிக் கேள்விகள், தனித்தனி மதிப்பெண்கள். ஆனால் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். பட்டா மாறுதல் கட்டும் வாக்காளர் பட்டியல் கட்டும் பக்கத்துப் பக்கத்து பீரோவில் இருக்கும். இரண்டையும் பார்ப்பவர் ஒரே வட்டாட்சியருக்குக் கீழே வேலை செய்பவர்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். தேர்தல் ஆணையத்துக்குச் சொந்தக் கைகள் கிடையாது. மாநில அரசின் கைகளையே இரவல் வாங்கித்தான், அந்த அரசை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று அது மக்களிடம் கேட்கிறது. ஆகவே தேர்தல் நாளின் நேர்மை, அந்தக் கைகள் மற்ற நாட்களில் எப்படிப் பழக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நமக்கு நன்றாகத் தெரிந்த தமிழ்நாட்டை வைத்தே இதைப் பார்ப்போம்.

1.

முதலில் அந்தக் கைகள் யாருடையவை என்று பார்க்கலாம்.

கோட்டையிலிருந்து வரும் எந்த அரசாணையையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கும். அதன் கீழே அரசுச் செயலாளரின் பெயர் இருக்கும். முடிவெடுத்த அமைச்சரின் பெயர் அங்கே இருக்காது. மாநிலத்தின் நிர்வாக அதிகாரம் ஆளுநரின் பெயரில் நடக்கிறது. அதை உண்மையில் நடத்துவது முதலமைச்சரும் அமைச்சரவையும். எழுத்தில் வடித்துக் கையெழுத்திடுவது நிரந்தரப் பணியில் இருக்கும் அலுவலர். ஒரே தாளில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மக்கள் முன் போய் நிற்பவரின் பெயர் மட்டும் தாளில் இல்லை.

தலைமைச் செயலகத்தில் துறைகளும் அவற்றின் செயலாளர்களும், அவர்களுக்குக் கீழே இயக்குநர்கள், ஆணையர்கள் என்று துறைத் தலைவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சாதாரணக் குடிமகன் அரசை அங்கே சந்திப்பதில்லை. அவன் சந்திக்கும் அரசு ஓர் ஏணி. 38 மாவட்டங்களிலும் ஆட்சியர், அவருக்குக் கீழே கோட்டாட்சியர், பிறகு வட்டாட்சியர், பிர்காவுக்கு ஒரு வருவாய் ஆய்வாளர், கடைசியில் கிராம நிர்வாக அலுவலர். சாதிச் சான்றிதழ் மேலே போவதும் வெள்ள நிவாரணம் கீழே வருவதும் இந்த ஏணி வழியாகத்தான்.

ஏணியின் கடைசிப் படி எப்படி வந்தது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு அந்த இடத்தில் கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் இருந்தார்கள். பரம்பரை உரிமை சட்டப்படி போன பிறகும் பல ஊர்களில் அதே குடும்பங்களே தொடர்ந்தன. நிலமும் கணக்கும் ஒரே வீட்டில் இருந்தன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1982-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் தேர்வாணையத்தின் வழியே வந்தார்கள். பெரிய வீட்டுத் திண்ணையில் கிடந்த கிராமக் கணக்கு, தேர்வு எழுதி வந்த யாரோ ஒருவரின் பைக்குள் போயிற்று. வாக்காளர் பட்டியலில் யார் பெயர் இருக்கும், யார் பெயர் விடுபடும் என்பதற்கு இந்த மாற்றம் எவ்வளவு முக்கியம் என்பதை நம் தேர்தல் வரலாற்றை எழுதுபவர்கள் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

2.

ஏணியின் மேலே உட்காருபவர்கள் எப்படி வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967 முதல் நம் சட்டமன்றத்துக்கு 234 தொகுதிகள். இப்போது 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் என்ற இரண்டு தொகுதிகள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. மேலவை 1986 நவம்பர் 1 முதல் இல்லை. போட்டியிட்டவர்களில் அதிக வாக்கு வாங்கியவர் வென்றவர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற விதி கிடையாது. அவையில் பெரும்பான்மை யாருக்கோ அவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்கிறார். 2003-இல் வந்த அரசியலமைப்புத் திருத்தத்தின்படி அமைச்சரவை அவையின் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர்.

அந்த 35 பேருக்கு ஏணி முழுவதும் கட்டுப்பட்டிருக்கிறது. இடமாற்றம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவர்கள் கையில். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3.

இனி இரவலுக்கு வருவோம்.

தில்லியில் இருக்கும் தேர்தல் ஆணையத்தின் சொந்த ஊழியர்கள் சில நூறு பேர்தான். 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் மட்டும் 88,937 வாக்குச்சாவடிகள். ஒரு சாவடிக்கு நான்கு அலுவலர்கள் என்று வைத்தாலே மூன்றரை லட்சம் பேரைத் தாண்டிவிடும். காவலர்கள், மண்டல அலுவலர்கள், பறக்கும் படையினர், வாக்கு எண்ணுபவர்கள் எல்லாம் அதற்கு மேல். இவ்வளவு பேரை ஆணையம் எங்கே போய்த் தேடும்? அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆணையம் கேட்டால் தேவையான ஊழியர்களைக் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கொடுத்தாக வேண்டும் என்று 324-ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள்.

கொடுத்தாயிற்று. கொடுத்த பிறகு அந்த ஊழியர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் நேரான பதில் வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 1988-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியேதான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 28-ஏ பிரிவு சேர்ந்தது. தேர்தல் அறிவிக்கை வெளியான நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை, தேர்தல் நடத்தும் அலுவலர் தொடங்கி வாக்குச்சாவடி அலுவலர், பணியில் இருக்கும் காவலர் வரை எல்லோரும் ஆணையத்திடம் அயற்பணியில் இருப்பவர்களாகக் கருதப்படுவார்கள். ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்கும் ஒழுங்குக்கும் உட்பட்டவர்கள்.

எழுதியது தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் அது பழக்கத்துக்கு வரப் பெரிய மோதல் தேவைப்பட்டது. டி.என். சேஷன் தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பணியாற்றியவர். ஏணியின் ஒவ்வொரு படியும் அவருக்குத் தெரியும். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த அவர், ஆணையத்தின் அதிகாரத்தை அரசு ஒப்புக்கொள்ளும்வரை நாட்டில் தேர்தலே நடத்த மாட்டேன் என்று 1993 ஆகஸ்டில் உத்தரவு போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், அவர் ஓய்வுபெற்ற பிறகு 2000-இல் ஓர் உடன்பாட்டில் முடிந்தது. தேர்தல் பணியில் தவறும் அலுவலரை ஆணையம் தற்காலிகப் பணிநீக்கம் செய்யலாம், மாற்றலாம், அவர்மீது ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. சேஷனின் குரலையும் கோபத்தையும் பற்றி நிறையப் பேசுகிறார்கள். என் பார்வையில் அவர் விட்டுச்சென்ற உண்மையான சொத்து இந்த வறண்ட உடன்பாடுதான்.

நம் ஆட்சியர்கள் இரண்டு பெயர்ப்பலகை கொண்டவர்கள். சாதாரண நாளில் மாவட்ட ஆட்சியர், தேர்தலில் மாவட்டத் தேர்தல் அலுவலர். சென்னையில் அந்தப் பொறுப்பு மாநகராட்சி ஆணையருக்கு. கோட்டாட்சியர் நிலையில் இருப்பவர் ஒரு தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலர், வட்டாட்சியர் அவருக்கு உதவி. மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரியே அரசின் பொது (தேர்தல்கள்) துறைச் செயலாளரும்கூட. ஒரே ஏணிதான், எசமானர் மட்டும் மாறுகிறார்.

எத்தனை நாளைக்கு? 2021-இல் அறிவிக்கை மார்ச் 12-இல் வந்தது. வாக்குப்பதிவு ஏப்ரல் 6, எண்ணிக்கை மே 2. ஆக 52 நாட்கள்.

4.

சட்டத்தை விட்டுவிட்டு ஒரு வாக்குச்சாவடிக்குள் போவோம். நான் இருந்த சாவடிக்கே கூட்டிப்போகிறேன்.

1989 ஜனவரி. கல்லூரியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த விரிவுரையாளர் நான். ராமநாதபுரம் பக்கம் ஒரு வறண்ட கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் தலைமை வாக்குப்பதிவு அலுவலராகப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் மாலை லாரியில் கொண்டுபோய் இறக்கினார்கள். இரும்புப் பெட்டிகள், கோணிப்பைகள், ஒரு சாக்கில் சாமான்கள். சாமான்களைப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அரக்கு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, சணல், பசை, அழியாத மை. மைக்குப்பி சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு காலி டப்பாவும் இருந்தது. அதில் மணலை நிரப்பிக் குப்பியை நடுவில் நட்டுவைக்க வேண்டும். பள்ளி வாசலில் மணலுக்குப் பஞ்சமில்லை. மின்சாரம் போய்விட்டதால் அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து வாக்குச்சீட்டுகளின் பின்புறம் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு சீட்டிலும் முழுக் கையெழுத்து வேண்டும் என்பது அன்றைய விதி. சில நூறு சீட்டுக்குப் பிறகு கை என் பேச்சைக் கேட்கவில்லை. என்னோடு வந்தவர்கள் இருவர் பக்கத்து வட்டத்து ஆசிரியர்கள், ஒருவர் கூட்டுறவுத் துறை எழுத்தர். நாங்கள் நால்வரும் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

மறுநாள் பிற்பகல் ஒரு மூதாட்டி வந்தார். முதல் அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். அந்தப் பெயரில் காலையிலேயே ஓட்டு விழுந்துவிட்டது. முகவர்கள் வரிசை சட்டென்று அமைதியானது. மூதாட்டியின் விரலில் மை இல்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம், கணவர் பெயரும் வீடும் உட்பட, தயங்காமல் பதில் சொன்னார்.

“ஓட்டப் போட்டுட்டுப் போறேன்னுதான சார் கேக்கேன். எனக்கு முன்னாடி எவ வந்து போட்டா?”

இதற்கு ஒரு விதி இருக்கிறது. அவருக்கு ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கொடுக்க வேண்டும். சீட்டின் பின்னால் அப்படியென்று என் கையால் எழுத வேண்டும். அவர் முத்திரை குத்தியபின் அது பெட்டிக்குள் போகாது, தனி உறைக்குள் போகும். ஆளும் தரப்பு என்றோ எதிர்த் தரப்பு என்றோ சொல்ல முடியாதபடி எல்லா முகவர்களுமே, “விட்டுருங்க சார், வயசானது, திருப்பி அனுப்பிருங்க” என்றார்கள். திருப்பி அனுப்பியிருந்தால் ஒருவரும் புகார் செய்திருக்க மாட்டார்கள். நான் சீட்டைக் கொடுத்தேன்.

மறைவிடத்திலிருந்து வந்து மடித்த சீட்டை என்னிடம் நீட்டினார். நான் உறையில் போட்டதைப் பார்த்துவிட்டு, “பெட்டில போடலயே. இத எண்ணுவீகளா?” என்று கேட்டார்.

எண்ண மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். வழக்கு என்று ஒன்று வந்து நீதிமன்றம் கேட்டால்தான் அந்த உறை பிரிபடும். “இப்ப எண்ண மாட்டாங்க பாட்டி. கேஸ் வந்தா கோர்ட்டுல எடுப்பாங்க” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “சரி, நான் வந்தேன்னு எழுதிக்க” என்றார். பட்டியலில் பெருவிரல் ரேகை வைத்துவிட்டுப் போனார்.

காலையில் ஆள் மாறி வந்தவரைப் பிடிக்காமல் விட்டது என் சாவடி. அது என் குறைதான். ஆனால் பிற்பகலில் அந்த உறையை உருவாக்கியதும் அதே சாவடிதான். இரவு இரண்டு மணிக்குப் பெட்டிகளை ஒப்படைத்தபோது, பெற்றுக்கொண்டவர் உறைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஆய்வுக்குரிய வாக்கு ஒன்று என்று கணக்குப் படிவத்தில் இருந்தது. அதைப் பார்த்து டிக் அடித்தார். தொகுதியின் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருந்தது. அந்த உறையை யாரும் பிரித்திருக்க மாட்டார்கள்.

இன்று இயந்திரம் வந்துவிட்டது. 2001 முதல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில்தான். காலையில் முகவர்கள் முன்னால் குறைந்தது ஐம்பது மாதிரி வாக்குகளைப் போட்டுக் காட்டி, அழித்து, முத்திரை வைத்துத் தொடங்குகிறார்கள். எந்த ஊழியருக்கு எந்தச் சாவடி என்பதைக் கணினி குலுக்கிப் போடுகிறது. ஆனால் பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்க்கும் அந்த முதல் அலுவலரின் இடத்தில் இன்றும் மனிதர்தான் இருக்கிறார்.

5.

இந்த ஊழியர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறைகளை நாட்டுக்குக் காட்ட விவசாயிகள் எடுத்த வழி அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்து, வாக்குப்பதிவைத் தள்ளிவைத்து, அந்தத் தேர்தலையும் நடத்திக் காட்டினார்கள். பிறகுதான் வைப்புத்தொகையை உயர்த்தினார்கள்.

முறையைக் காக்கும் கை பணத்தைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதிகளிலும் பணப் பட்டுவாடாவால் தேர்தல் தள்ளிப்போய், நவம்பரில்தான் நடந்தது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்து. 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தலே ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. ஒரு வீட்டு வாசலில் இரவு பத்து மணிக்கு உறை கைமாறுகிறது என்றால், அது அந்தத் தெருவுக்குப் பொறுப்பான காவலருக்கும் ஊழியருக்கும் தெரியாமல் இருக்க வாய்ப்புக் குறைவு. ஏன் பேசவில்லை? 52 நாட்கள் முடிந்ததும் அவர் திரும்பிப் போக வேண்டிய இடம் அவருக்குத் தெரியும். இரவல் கொடுத்தவர் திரும்ப வாங்கும்போது கையைப் புரட்டிப் பார்ப்பார்.

2013-இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். வாய்மொழி உத்தரவுகளை நம்பி அதிகாரிகள் செயல்படக் கூடாது. எழுத்தில் பதிவு வேண்டும். குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும். இடமாற்றத்துக்குக் குடிமைப் பணிகள் வாரியம் வேண்டும். இதை நிர்வாகச் சீர்திருத்தத் தீர்ப்பு என்று வகுப்பில் நடத்துகிறோம். நான் இதைத் தேர்தல் தீர்ப்பு என்றே நடத்துவேன். நான்கரை ஆண்டுகள் தொலைபேசியில் வந்த சொல்லைக் கேட்டு நடந்த ஓர் அலுவலரை, அறிவிக்கை வந்த மறுநாள் விதிப்புத்தகத்தைக் கேட்டு நட என்றால் அவர் தடுமாறத்தான் செய்வார்.

ஊழியர்களுக்கு நாம் செய்யும் நியாயத்தையும் பாருங்கள். 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்குகள். தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்களும் மற்ற ஊழியர்களும் அனுப்பிய தபால் வாக்குகளில் 203, சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டன. 2019-இல் உயர் நீதிமன்றம் அவற்றை எண்ணச் சொன்னது. எண்ணியதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வாக்குச்சாவடியையே நம்பி ஒப்படைக்கத் தகுதியான தலைமையாசிரியர் ஒரு படிவத்தில் சான்றொப்பமிடத் தகுதியில்லாதவரா? இந்த அறக்கட்டளை ஒரு தலைமையாசிரியரின் பெயரில் இருப்பதால் இந்தக் கேள்வியை இங்கே அழுத்திக் கேட்கிறேன்.

6.

கடைசியாக ஒன்று. இதுவரை சொன்னது சட்டமன்றத்துக்கு. ஏணியின் கடைசிப் படியிலும் ஒரு தேர்தல் உண்டு; உள்ளாட்சித் தேர்தல். அதை நடத்துவது வேறோர் ஆணையம், மாநிலத் தேர்தல் ஆணையம். இரவல் வாங்குவது மட்டும் அதே கைகளை. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்றது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் வந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி. அவ்வளவு நாளும் தனி அலுவலர்கள். 2019 தேர்தலில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்களே வந்தார்கள்.

சட்டமன்றத் தேர்தல் இப்படி ஐந்தாண்டு தள்ளிப்போகட்டும், ஊர் சும்மா இருக்குமா? ஊராட்சிக்குத் தள்ளிப்போனால் ஒருவரும் தெருவுக்கு வருவதில்லை. இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. இங்கே இரவல் கைகளே வீட்டுக்காரராக உட்கார்ந்துவிடுகின்றன. அவை கெட்ட கைகள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளுக்கும் தனி அலுவலராக இருந்தால், அவர் நல்லவராகவே இருந்தாலும் எந்தத் தெருவின் குழாய் உடைந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

2018-இல் ஓர் ஆய்வு மாணவரோடு, நான் 1989-இல் தேர்தல் நடத்திய அந்தக் கிராமத்துக்குப் போனேன். பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்திருந்தது. ஊராட்சி அலுவலகம் பூட்டிக் கிடந்தது. சுவரில் தலைவர் பெயர் இருந்த இடத்தில் வெள்ளையடித்து, மேலே ‘தனி அலுவலர்’ என்று எழுதியிருந்தார்கள். ஆள் பெயர் இல்லை. வாசலில் இரண்டு காலிக் குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தார். எங்களை அதிகாரிகள் என்று நினைத்துக்கொண்டு, மோட்டார் ஓடிப் பதினோரு நாளாயிற்று என்றார். நாங்கள் கல்லூரியிலிருந்து வருகிறோம் என்று சொன்னோம். “அப்ப யாருகிட்ட சார் சொல்லணும்?” என்று கேட்டார்.

என் மாணவர் ஒன்றிய அலுவலகம் இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னார். அது பதினெட்டு கிலோமீட்டர்.